வீட்டு வளவில் ஒரு பச்சை வீடு: முதல் போடுமுன் அறிய வேண்டியவை

மரக்கறி விலை ஏறும் ஒவ்வொரு முறையும் எனது ஹாட்வெயார் கடைக்கு ஒரே கேள்வியோடு சிலர் வருவார்கள். “நானா, வீட்டுக்குப் பின்னால கொஞ்சம் இடம் சும்மா கிடக்கு. ஒரு பச்சை வீடு அடிச்சா என்ன?” 2021இல் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தபோதும், 2022இல் டொலர் இல்லாமல் நாடு தடுமாறியபோதும் இக்கேள்வி கூடியது. இன்றும் குறையவில்லை. குழாயும் பொலித்தீனும் விற்பவன் என்ற வகையில் “தாராளமாக அடியுங்கள்” என்று சொல்வதுதான் எனக்கு இலாபம். ஆனால் அப்படிச் சொல்லி ஒருவரை நட்டப்படுத்தியவன் நான். எனவே அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

2009ஆம் ஆண்டு. பதினொரு வருடம் சவூதியில் சாரதியாக இருந்துவிட்டு ஊர் திரும்பிய ஒரு தம்பி, ஒரு சஞ்சிகைப் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். ஐரோப்பாவில் எங்கோ எடுத்த படம். நாலு பக்கமும் மூடிய கண்ணாடி வீடு, உள்ளே கொத்துக் கொத்தாய்த் தக்காளி. கண்ணாடிக்குப் பதிலாகப் பொலித்தீன் போட்டு அதையே கட்டுவது அவரது எண்ணம். குழாய், கம்பி, சீமெந்து எல்லாம் என்னிடமே வாங்கினார். பொலித்தீன் சுருளைத் தொட்டுப் பார்த்து, “நானா, இது காணுமா?” என்று கேட்டார். “காணும் தம்பி, நல்ல தடிப்புத்தானே” என்றேன்.

இரண்டு மாதத்தில் செடிகள் ஆளுயரம் வளர்ந்தன. பூவும் பூத்தது. பூத்த பூவெல்லாம் உதிர்ந்தது. ஐந்தாம் மாதம் கூரை கிழிந்தது. அவர் கிழிந்த துண்டொன்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். நான் கையில் எடுத்ததும் அது பழைய பத்திரிகைத் தாள் போல நொறுங்கியது. அவர் சத்தம் போடவில்லை. “நீங்க காணும் எண்டீங்க நானா” என்று மட்டும் சொன்னார்.

குறையை மறைத்து விற்பது கூடாது என்று சிறு வயது முதல் கேட்டு வளர்ந்தவன் நான். அன்று நான் எதையும் மறைக்கவில்லை. எனக்குத் தெரியவே தெரியாது. ஆனால் தெரியாததைத் தெரிந்தது போலச் சொன்னேன். பொருளை வாங்குபவருக்கு இரண்டும் ஒன்றுதான். பொலித்தீனின் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் போட்ட மற்ற முதலையும் அந்த ஐந்து மாதத்தையும் எப்படித் திருப்பிக் கொடுப்பது? அதன் பிறகுதான் இதைப் பற்றிக் கேட்டும் பார்த்தும் படிக்கத் தொடங்கினேன்.

வெள்ளைக்காரன் வீடும் நமது வீடும்

பச்சை வீடு எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். சூரிய ஒளி பொலித்தீன் ஊடாக உள்ளே போகிறது. நிலமும் செடியும் சூடாகின்றன. அவற்றால் உள்ளிருக்கும் காற்றும் சூடாகிறது. வெளியே திறந்த வெளியில் சூடான காற்று மேலே எழும்பிப் போய்விடும், குளிர்ந்த காற்று அதன் இடத்துக்கு வரும். மூடிய வீட்டுக்குள் அதற்கு வழியில்லை. வெயிலில் கண்ணாடியை மூடி நிறுத்திய வாகனத்துக்குள் ஏறியவர்களுக்கு இதைச் சொல்லித் தரத் தேவையில்லை.

குளிர் நாடுகளில் இந்தச் சூடுதான் வேண்டும். இலண்டனில் கியூ தாவரவியல் பூங்காவில் 1848இல் கட்டி முடிக்கப்பட்ட பனை மாளிகை, நம்மைப் போன்ற வெப்ப நாட்டு மரங்களை அந்தக் குளிரில் உயிரோடு வைத்திருக்கக் கட்டிய கண்ணாடி வீடு. அதே ஆங்கிலேயர் இங்கே வளர்த்தெடுத்த பேராதனைப் பூங்காவுக்குப் போய் அங்குள்ள ஓர்க்கிட் இல்லத்தைப் பாருங்கள். செடிக்கு நிழலும் பாதுகாப்பும் கொடுப்பதே அங்கு முக்கியம். சூடேற்றும் தேவை அங்கு எவருக்கும் இல்லை.

எங்கள் மாவனல்லைப் பக்கம் பகல் வெப்பம் 30 பாகை செல்சியஸை இலகுவாக எட்டும். தக்காளிக்குப் பகலில் 32 பாகைக்கு மேல் நீடித்து, இரவும் போதிய அளவு குளிராவிட்டால் மகரந்தம் பழுதாகும். பூ காய் பிடிக்காமல் உதிரும். செடி பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அந்தத் தம்பிக்கு நடந்தது இதுதான். தக்காளிக்கு வீடு கட்டுவதாக நினைத்து அவர் ஓர் அடுப்பைக் கட்டிவிட்டார்.

கடுகண்ணாவை ஏறி மலைநாட்டுக்குப் போகப் போகக் கதை மாறும். ஆயிரம் மீற்றர் உயர்ந்தால் வெப்பம் ஏறத்தாழ ஆறரைப் பாகை குறையும். கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவிலும், வெலிமடை, பண்டாரவளைப் பக்கமும் குடைமிளகாயும் தக்காளியும் பொலித்தீன் வீடுகளில் நல்ல முறையில் செய்யப்படுகின்றன. அங்கே பார்த்துவிட்டு வந்து கொழும்பிலோ காத்தான்குடியிலோ அதே மாதிரி கட்டினால் நட்டம் நிச்சயம்.

அப்படியானால் தாழ்நாட்டில் இது எதற்கு? இரண்டு காரியத்துக்கு. ஒன்று மழை. பெருமழை பூவை அடித்து உதிர்க்கும், பழத்தை வெடிக்க வைக்கும், நாற்றைச் சாய்க்கும். இலையில் நீர் தங்கினால் பங்கசு நோய்கள் பரவும். இரண்டாவது பூச்சி. தக்காளி, மிளகாயில் இலைச் சுருளை நோயைக் கொண்டுவரும் வெண் ஈயை வலை தடுக்கும். ஆகவே நமக்கு வேண்டியது செடிக்குப் போர்வை அல்ல, குடை. இந்த ஒன்றை மனதில் வைத்தால் மீதி எல்லாம் தானாக விளங்கும்.

எனது சிறு வீடு

2020 மார்ச் மாதம் ஊரடங்குச் சட்டம் போடப்பட்டுக் கடை மூடிக் கிடந்த நாட்களில், எனது வளவில் 10 அடி அகலம், 16 அடி நீளத்தில் ஒன்றைக் கட்டினேன். அளவுகளைத் தருகிறேன். விலையை எழுதவில்லை, இந்தப் பத்திரிகை உங்கள் கைக்கு வருமுன் அது மாறிவிடும். அளவு தெரிந்தால் எந்தக் கடையிலும் கணக்குக் கேட்கலாம்.

இடம்: ஒரு நாளைக்கு ஆறு மணித்தியாலமாவது வெயில் விழ வேண்டும். தென்னைக்குக் கீழே கட்டாதீர்கள். காய்ந்த ஓலை ஒன்று விழுந்தாலே கூரை போய்விடும். நமது நாடு பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் ஏப்ரலிலும் செப்டெம்பர் ஆரம்பத்திலும் சூரியன் நேர் உச்சியில் போகும். எனவே குளிர் நாட்டுப் புத்தகங்களில் சொல்லும் திசைக் கணக்கை விட, காற்று வரும் பக்கத்தைப் பாருங்கள். நீளமான பக்கம் காற்றைப் பார்த்திருந்தால் அது 10 அடியைக் கடந்து மறுபக்கத்தால் இலகுவாக வெளியேறும்.

தூண்: ஜீ.ஐ. குழாய் ஏறத்தாழ 20 அடி நீளத்தில் வரும். நடுவில் வெட்டினால் இரண்டு தூண். நாலு குழாயில் எட்டுத் தூண், பக்கத்துக்கு நாலு. இரண்டு அடி கொங்கிரீட்டுக்குள் போக, ஏறத்தாழ 8 அடி மேலே நிற்கும். புதைக்கும் அடிப் பக்கத்தில் துளையிட்டு ஒரு துண்டுக் கம்பியைக் குறுக்கே செருகுங்கள். காற்று இந்த வீட்டைச் சாய்ப்பதை விட மேலே பிடுங்கத்தான் பார்க்கும். கூரை ஒரு கப்பல் பாய் போன்றது. மூங்கிலிலும் கட்டலாம். செலவு குறைவு, ஆனால் மண்ணுக்குள் இருக்கும் பகுதி சீக்கிரம் உக்கும்.

கூரை: இதுதான் முக்கியம். இரண்டு சரிவும் உச்சியில் ஒன்றாகச் சேரக்கூடாது. ஒரு சரிவு 11 அடியில் முடிய, மற்றது சற்றுச் செங்குத்தாக ஏறி 12½ அடி வரை போய், முதலாவதற்கு மேலாக ஓரடி நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். இடையில் உள்ள ஒன்றரை அடி இடைவெளியால் சூடான காற்று வெளியேறும். நீட்டிய பகுதி மழையைத் தடுக்கும். நாலு பக்கச் சுவரிலும் பொலித்தீனே இல்லை; வலை மட்டும்தான்.

நான் இரண்டையும் பரீட்சித்துப் பார்த்தேன். உச்சி இடைவெளியையும் பக்கங்களையும் தற்காலிகமாக மூடி, நிழலில் ஒரு வெப்பமானியைத் தலை உயரத்தில் தொங்கவிட்டேன். நண்பகலில் 43 பாகை காட்டியது. திறந்துவிட்ட பின் அதே போன்றதொரு நாளில் வெளியே இருப்பதை விட மூன்று பாகைதான் கூட. அந்தப் பதினொரு வருடச் சம்பாத்தியம் எங்கே போனது என்பது அன்று எனக்கு முழுமையாக விளங்கியது.

பொலித்தீன்: மேற்படி கூரைக்கு 20 அடிக்கு 12 அடியில் ஒரு துண்டும், 20 அடிக்கு 9½ அடியில் ஒரு துண்டும் வேண்டும். மொத்தம் 430 சதுர அடி. நிலம் 160 சதுர அடிதான் என்பதைக் கவனியுங்கள். சரிவு, வெளியே நீட்டும் பகுதி, குழாயில் சுற்றிக் கட்டும் பகுதி என்று சேரும்போது நிலத்தைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் வந்துவிடுகிறது. நிலத்தின் அளவுக்குப் பொலித்தீன் வாங்கி வந்து மீண்டும் கடைக்கு ஓடுவோர் பலர். வலை சுமார் 500 சதுர அடி.

வாங்கும்போது கேட்க வேண்டியவை

சாதாரணப் பொலித்தீனைச் சூரியனின் புற ஊதாக் கதிர் சில மாதங்களில் நொறுக்கிவிடும். பச்சை வீட்டுக்கென்று செய்யப்படுவதில் அந்தக் கதிரைத் தாங்கும் பொருள் சேர்க்கப்பட்டிருக்கும். அதைத்தான் யூ.வி. பொலித்தீன் என்கிறோம். நல்லது மூன்று வருடமளவில் தாங்கும், கவனமாகப் பாவித்தால் அதற்கு மேலும் வரும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணால் வித்தியாசம் காண முடியாது. தடிப்பும் இதற்குச் சாட்சியல்ல. நான் 2009இல் விற்றது தடிப்பானதுதான்.

ஆகவே கடைக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இது யூ.வி. சேர்த்ததா? தயாரித்தவர் எத்தனை வருட உத்தரவாதம் தருகிறார்? அதைப் பற்றுச்சீட்டில் எழுதித் தருவீர்களா? மூன்றாவது கேள்விக்குத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள். தடிப்பு 200 மைக்ரோன் இருந்தால் நல்லது. கேஜ் கணக்கில் அது ஏறத்தாழ 800.

நல்ல பொலித்தீனும் முதலில் கிழிவது சூடேறிய இரும்புக் குழாயில் படும் இடத்தில்தான். குழாயின் மேற்பக்கத்துக்கு வெள்ளைப் பெயின்ற் அடியுங்கள் அல்லது வெள்ளைத் துணி சுற்றுங்கள். கந்தகத் தூள் போன்ற மருந்துகளும் பொலித்தீனின் ஆயுளைக் குறைக்கும். செடிக்கு அடிக்கும்போது கூரையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வலையில் ஒரு சங்கடம் உண்டு. வெண் ஈயைத் தடுக்க அங்குலத்துக்கு 40 கண்ணாவது உள்ள நெருக்கமான வலை வேண்டும். நெருக்கம் கூடக் காற்று குறையும். எனவே தக்காளி, மிளகாய் செய்பவர் மட்டும் இந்த வலையைப் போடட்டும். போட்டால் பக்கச் சுவரின் உயரத்தைக் குறைக்கக் கூடாது. சலாது, கீரை, மல்லி மட்டும் செய்பவருக்குச் சாதாரண வலையே போதும். கடும் வெயில் காலத்தில் மேலே ஒரு நிழல் வலையையும் விரிக்கலாம். ஒரு விடயத்தை மறக்க வேண்டாம்: வெளியிலிருந்து கொண்டுவரும் நாற்றில் பூச்சி இருந்தால், வலை அதை உள்ளேயே பாதுகாத்து வளர்க்கும். அதைத் தின்னும் நல்ல பூச்சிகள் உள்ளே வரவும் முடியாது. இலையின் அடிப்பக்கத்தைப் பார்த்த பிறகே நாற்றை வாசலுக்குள் எடுங்கள்.

மண், நீர், காய்

முன்பு தக்காளி, கத்தரி, மிளகாய் இருந்த மண்ணில் பற்றீரியா வாடல் நோய் இருக்கலாம். பச்சையாய் நின்ற செடி திடீரென வாடினால், தண்டை வெட்டித் தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் நிறுத்திப் பாருங்கள். பால் போன்ற நூல் இறங்கினால் அதுதான். அந்த மண்ணை மாற்றுவது கஷ்டம். எனவே நான் ஆரம்பத்திலிருந்தே பைகளில்தான் நடுகிறேன். தும்புத்தூளை இரண்டு மூன்று முறை நீரில் ஊறவைத்துக் கழுவி உப்பை அகற்றிய பின் கூட்டெருவுடன் கலந்து நிரப்புகிறேன். கழுவாத தும்புத்தூளில் நட்டால் இலை ஓரம் கருகும்.

கூரைக்குக் கீழே மழை படாது என்பதால் நீர் முழுவதும் உங்கள் பொறுப்பு. காய்க்கும் தக்காளிச் செடி வெயில் நாளில் ஒரு லீற்றர் முதல் இரண்டு லீற்றர் வரை குடிக்கும். 160 சதுர அடியில் செடிக்கு நாலு சதுர அடி வைத்தால் 40 செடி. அதாவது நாளொன்றுக்கு 40 முதல் 80 லீற்றர். உரக் கரைசல் ஊற்றுபவர் பொட்டலத்தில் உள்ள அளவைத் தாண்ட வேண்டாம். பைக்குள் உப்புச் சேரும். அவ்வப்போது வெறும் நீரால் நன்றாகக் கழுவி விடுங்கள்.

கூரையில் விழும் மழையை வீணாக்காதீர்கள். வெளியே நீட்டியதையும் சேர்த்தால் எனது கூரை 13 அடிக்கு 18 அடி நிலத்தை மூடுகிறது. ஓர் அங்குல மழைக்கு 500 லீற்றருக்கு மேல் வரும். பீலி வைத்து பீப்பாயில் சேருங்கள். ஆனால் பீப்பாயின் வாயை வலையால் இறுகக் கட்டுங்கள். தக்காளி வளர்க்கப் போய் டெங்கு நுளம்பை வளர்க்கக் கூடாது.

இன்னொன்று, தக்காளிப் பூவைக் காற்று அசைத்தால்தான் மகரந்தம் நன்றாக உதிரும். நெருக்கமான வலைக்குள் காற்று மெதுவாகத்தான் வரும். எனது வீட்டில் பேரப்பிள்ளைகள் காலை ஒன்பது, பத்து மணியளவில் ஒவ்வொரு தண்டையும் விரலால் மெல்லத் தட்டிவிடுவார்கள். பாகல், பூசணி வகைகளுக்கு இது போதாது. தேனீ வர வேண்டும். அவற்றை வெளியே பந்தலில் விடுங்கள்.

இலாபக் கணக்கு

இப்பொழுது எல்லோரும் எதிர்பார்க்கும் பகுதி. கணக்குப் போடும் முறையைச் சொல்கிறேன், விலையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். பொலித்தீன், வலையின் செலவை மூன்றால் வகுங்கள். குழாய், கொங்கிரீட், கூலியைப் பத்தால் வகுங்கள். இரண்டையும் கூட்டினால் ஒரு வருடத்துக்கான வீட்டுச் செலவு. அதனுடன் வருடத்துக்கான பை, விதை, உரச் செலவைச் சேருங்கள். வரவுப் பக்கத்தில், புதியவர் செடிக்கு 2 கிலோவுக்கு மேல் போட வேண்டாம். 40 செடிக்கு 80 கிலோ. வருடத்தில் இரண்டு முறை செய்தால் 160 கிலோ. அதைச் சந்தை உச்ச விலையால் பெருக்காதீர்கள்; சாதாரண நாள் விலையால் பெருக்குங்கள். உங்கள் காலை ஒரு மணித்தியால உழைப்புக்கும் ஒரு பெறுமதி போடுங்கள்.

இந்தக் கணக்கில் எனது வீடு தக்காளியால் இலாபம் காட்டவில்லை. வீட்டுச் சமையலுக்கு மருந்து குறைந்த மரக்கறி, பிள்ளைகளுக்கு ஒரு நல்ல பழக்கம், எனக்கு மனநிறைவு. பொழுதுபோக்காக அது போதும். தொழிலாக அது போதாது.

சற்று வருமானம் காட்டியது வேறொன்று: நாற்று. ஒரு தக்காளிப் பை மூன்று மாதத்துக்கு மேல் பிடித்திருக்கும் அதே நாலு சதுர அடியில், குழித்தட்டில் ஏறத்தாழ இருநூறு நாற்றை மூன்று நான்கு வாரத்தில் எழுப்பலாம். மழைக் காலத்தில் திறந்த வெளியில் நாற்று அழுகும்போது கூரைக்குக் கீழே இருப்பது தப்பும். வீட்டில் இருந்தபடி ஏதாவது செய்ய விரும்பும் சகோதரிகளுக்கு இது பொருத்தமானது. ஆனால் முதலில் அயலில் எத்தனை பேர் வாங்குவார்கள் என்று எண்ணிப் பாருங்கள். விற்காத நாற்று ஒரு மாதத்தில் குப்பை.

கட்டுவதற்கு முன் உங்கள் பகுதிக் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைச் சந்தித்து, உங்கள் ஊருக்கு ஏற்ற இனம் எது என்று கேளுங்கள். பேராதனைக்கு அருகே கன்னொறுவையில் உள்ள விவசாயத் திணைக்களத்தின் நிலையங்களுக்கும் ஒருமுறை போய் வரலாம். விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைத்தும் ஆலோசனை பெறலாம்.

என் கடையில் இன்று எவராவது பச்சை வீட்டுக்குச் சாமான் கேட்டால், நான் குழாயைக் காட்டுவதில்லை. “நாலு மூங்கில், எட்டடிக்குப் பொலித்தீன் ஒரு துண்டு. பக்கம் திறந்த ஒரு சிறு கூரை போட்டு ஒரு போகம் செய்து பாருங்கள். அதன் பிறகும் ஆசை இருந்தால் வாருங்கள்” என்கிறேன். சிலர் திரும்பி வருவதில்லை. அவ்வளவு குழாய் எனக்கு விற்காமல் போகிறதுதான். பரவாயில்லை.

அந்தத் தம்பி பின்னர் மீண்டும் வெளிநாடு போனார். அவரது இரும்புச் சட்டகம் இன்னும் அந்த வளவில் நிற்கிறது. அதில் அவரது உம்மா பாகற்கொடி படரவிட்டிருக்கிறார். அவ்வழியால் போகும்போதெல்லாம் எனது கண் அதில் படும். இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு ஒருவராவது “இது காணுமா?” என்று கேட்பதோடு நிறுத்தாமல், “எழுதித் தருவீர்களா?” என்றும் கேட்டால் எனக்கு அது போதும்.